கூத்து வாத்தியாருக்குக் கோடையில் என்ன வேலை?

கேட்கப்பட்ட கேள்வி இது: “எனக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம், வேலை சென்னையில். பன்னிரண்டு வயது மகனுக்குத் தெருக்கூத்தின் மேல் பெரிய ஆசை. மே மாத விடுமுறையில் ஊரில் ஒரு கூத்து வாத்தியாரிடம் பத்து நாள் விட்டுப் பழக்கலாம் என்று போனில் கேட்டேன். ‘ஆடி கழியட்டும் தம்பி, இப்போது மூச்சுவிட நேரமில்லை’ என்று வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் மூடியிருக்கும் கோடையில் சொல்லித்தராத வாத்தியார் வேறு எப்போது சொல்லித்தருவார்? அப்படி என்னதான் வேலை அவருக்கு?”

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவுக்குக் கணக்கு எழுதியவன் நான். கூத்துக்கு நாள் உறுதிசெய்து தாம்பூலம் கொடுப்பது, ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, தங்க இடம் பார்ப்பது, விடிந்ததும் பணத்தை எண்ணிக் கையில் வைப்பது எல்லாம் என் பொறுப்பு. நான் ஆடியதில்லை. ஆனால் ஆடுகிறவர்களை வேஷம் கலைத்த பிறகும் பார்த்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்த வாத்தியார் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. அவர் சொன்னது முழு உண்மை.

சென்னையில் பாட்டு வாத்தியாருக்கும் நடன ஆசிரியருக்கும் மார்கழிதான் உச்சம். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, தென் ஆர்க்காட்டுப் பகுதிகளில் கூத்துக்காரர்களுக்கு அது நேர்மாறு. ஐப்பசி, கார்த்திகையில் மழை, வயலில் வேலை, திறந்த வெளியில் விடிய விடிய ஆட முடியாது. அறுவடை முடிந்து, நிலம் காய்ந்து, ஊர்க்காரர்கள் கையில் கொஞ்சம் காசும் பொழுதும் சேர்ந்த பிறகுதான் திருவிழா. மாசியில் மெல்லத் தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று ஏறிக்கொண்டே போய் ஆடியில் அம்மன் கோயில்களோடு ஒரு சுற்று சுற்றி ஓயும். நாமெல்லாம் கத்திரி வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடக்கும் நாட்களில்தான் அவர்களுக்கு ஓர் இரவுகூட மிச்சமிருக்காது.

பாரத விழா என்றால் ஒரே இரவு ஆடிவிட்டுப் போகும் நிகழ்ச்சி இல்லை. ஊரின் வசதியைப் பொறுத்துப் பத்து நாள், பதினெட்டு நாள், இருபது நாளுக்கு மேலும் நடக்கும். கொடியேற்றிய பிறகு பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துச் சொல்வார். கதை சூடு பிடித்ததும் இரவில் கூத்து தொடங்கும். பகலில் கேட்ட கதையை இரவில் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூயம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, குறவஞ்சி, மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு மாறும். இரவு பத்து மணிக்கு மேல் களரி (ஆடுகளம்) கட்டினால் கிழக்கு வெளுக்கும்போதுதான் மங்களம். ஓர் ஊரில் தருமர் பட்டாபிஷேகம் முடிந்ததும் பெட்டியைக் கட்டி வேனில் ஏற்றுவார்கள். அன்று மாலையே அடுத்த ஊரில் கொடி ஏறியிருக்கும்.

இதற்கிடையில் பகலிலும் வேலை உண்டு. அர்ச்சுனன் தபசு அன்று வாத்தியாரோ அவருடைய மூத்த சீடரோ, பனைமரத்தைச் செதுக்கி நட்ட தபசு மரத்தின் மேல் பாடிக்கொண்டே படிப்படியாக ஏற வேண்டும். கீழே குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் ஈரப் புடவையோடு கிடப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழமும் விபூதியும் வில்வமும் மடியில் விழுந்தால் பலித்துவிட்டது என்று நம்பிக்கை. பாட்டில் ஒரு வரி தவறினாலும் அந்தப் பெண்கள் மனத்தில் அது அபசகுனமாகத் தைக்கும் என்று அவருக்குத் தெரியும். வெறும் நடிப்பாக அதைச் செய்கிற வாத்தியாரை நான் பார்த்ததில்லை. அன்று அவர் விரதம்.

அதைவிடக் கடுமையானது படுகளம். இரவு முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடி முடித்தவர் படுத்துத் தூங்க முடியாது. ஊருக்கு வெளியே மைதானத்தில், மண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுத்த நிலையில் மலைபோலச் செய்து வண்ணம் பூசி வைத்திருப்பார்கள். வெயில் ஏறும் நேரத்தில், மரத்தால் செய்த கட்டை அணிகள் ஒன்றையும் கழற்றாமல், பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுருவத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஏறி மிதித்துச் சண்டை போட வேண்டும். தொடை பிளந்து செந்நீர் வழியும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைப்பாள். தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசிய முகவண்ணம் வியர்வையோடு சேர்ந்து கண்ணில் இறங்கும். இரண்டு கையிலும் ஆயுதமும் கட்டையும் இருக்கும்போது துடைக்கவும் வழியில்லை. அன்று சாயங்காலம் ஊர் தீ மிதிக்கும்போது அந்த மனிதர் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நினைவில்லாமல் தூங்கிக்கொண்டிருப்பார். மே மாதம் பள்ளிக்கூடம் காலியாக இருப்பதால் ஜமாவுக்கு அதுதான் பெரும்பாலும் விடுதி.

பாரதம் இல்லாத இடைவெளி நாளில் கருமாதிக் கூத்து. இறந்தவருக்குக் காரியம் செய்யும் நாளில் கர்ண மோட்சம் ஆடினால் அவருக்கு நல்ல கதி என்று எங்கள் பக்கம் வழக்கம். சாவு நாள் பார்த்து வருவதில்லை அல்லவா? “வாத்தியாரே, நாளை மறுநாள் அப்பாவுக்குக் காரியம்” என்று வந்து நிற்பவரிடம் தேதி இல்லை என்று சொல்ல வாத்தியாருக்கு வாய் வராது. எங்காவது இரண்டு ஆளைக் கடன் வாங்கி ஒரு ஜமாவை இரண்டாகப் பிரித்தாவது அனுப்புவார்.

இன்னொரு பக்கம் அரசு விழாக்கள். மே மாதம் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எங்கும் கோடை விழா. கரகம், ஒயில், பறை வரிசையில் கூத்துக்கும் அரை மணி, முக்கால் மணி ஒதுக்குவார்கள். எட்டு மணி நேரம் ஆடும் பகடை துகிலை முக்கால் மணியில் என்ன செய்வது? திரை வருகை ஒன்று, ஒரு சுற்றாட்டம், கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனின் நகைச்சுவை கொஞ்சம், முடிந்தது. இதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேசமாட்டேன். பேசிய பணம் ஒழுங்காக வருகிறது. மலைக்குளிரில் ஓர் இரவு தூங்கலாம். ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கூத்து பார்த்தாயிற்று என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். கோடையில் சொல்லித்தருவதில்லை என்று நீங்கள் நினைப்பது தவறு. சொல்லித்தருகிறார். உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை, அவ்வளவுதான். பரீட்சை முடிந்த மறுநாளே ஜமாவோடு மூன்று நான்கு பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆடுகிறவரின் மகன், மருமகன், மிருதங்கக்காரரின் தம்பி பையன், சமயத்தில் கூத்து பார்த்துப் பைத்தியம் பிடித்து வீட்டில் சண்டை போட்டு வந்த வெளியூர்ப் பையன். விடுமுறை முழுதும் அவர்களுக்குக் களரிதான் வகுப்பு.

முதல் வேலை வேஷக் கொட்டகையில். வண்ணம் குழைப்பது, கண்ணாடி பிடிப்பது, சலங்கை எடுத்துக்கொடுப்பது. அப்புறம் கயிறு இழுப்பது. கட்டை வேஷக்காரர் இடுப்பில் துணிகளைச் சுற்றிப் பாவாடை உப்பலாக நிற்கும்படி கயிற்றால் கட்டுவார்கள். ஒரு முனையைப் பையன் பிடித்து இழுக்க, மறுமுனையில் நடிகர் தானே சுழன்று கயிற்றைத் தன் மேல் ஏற்றிக்கொள்வார். அதிகம் இறுக்கினால் பாடும்போது மூச்சு நிற்காது. தளர விட்டால் முதல் சுற்றாட்டத்திலேயே பாவாடை சரிந்துவிடும். எந்த இறுக்கம் எந்தப் பாட்டுக்குத் தாங்கும் என்பதை வேஷக்காரரின் விலா ஏறி இறங்குவதை வைத்துப் பையன் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாக இழுத்தால் தலையில் ஒரு குட்டு. அப்புறம் புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கன்னக்கட்டை, கடைசியில் கிரீடம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை. தனித்தனியாகத் தூக்கினால் கனமே தெரியாது. எல்லாம் ஏறிய பிறகு, இரவு முழுக்கச் சுழலும்போதுதான் கழுத்து கேட்கும்.

அடுத்தது திரை பிடிப்பது. பார்க்கிறவர்களுக்கு அது இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஆனால் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடும்போது, கைக்கெட்டும் தொலைவில் அதைக் கேட்கிறவன் அந்தப் பையன் ஒருவன்தான். எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த இடத்தில் மிருதங்கக்காரரைப் பார்க்கிறார், எந்தச் சொல்லில் கால் தரையை அடிக்கிறது என்று ஒரு சீசன் முழுக்க இரவுக்கு இரவு பார்த்தவனுக்குத் தனியாகப் பாடம் எதற்கு?

பிறகு பின்பாட்டு. வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, நடிகர் பாடும் அடியை வாங்கித் திருப்பிப் பாட வேண்டும். ஆர்மோனியமும் முகவீணை என்ற ஊதுகருவியும் காதருகே அலறும் அந்தச் சுருதிக்கு எட்டாதவன் குரல் உடனே தனியாகத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் வேஷம். முதலில் தருமர் பின்னால் நிற்கும் நகுலனோ சகாதேவனோ. விடிய விடிய நின்று இரண்டே வசனம் பேசும் வேஷம். தூங்கி விழாமல் நிற்பதே அதில் தேர்ச்சி. அதைத் தாண்டினால் பணிப்பெண், குறத்திக்குத் துணை, குரலும் காலும் தேறினால் ஒருநாள் அபிமன்யு.

திருத்தமும் ஆட்டத்துக்குள்ளேயே நடக்கும். ஒருமுறை எங்கள் ஊரில் புதுப் பையன் ஒருவன் விராட பருவத்தில் உத்தரனாக வந்து பாட்டின் இரண்டாம் அடியை மறந்து விழித்தான். கட்டியங்காரனாக நின்ற வாத்தியார் கண்ணிமைக்காமல், “இளவரசே, தேரை மட்டும் ஓட்டி வந்தீரே, பாட்டை அரண்மனையிலேயே இறக்கிவிட்டீரா? இந்தாரும், வழியில் நான் பொறுக்கிக்கொண்டு வந்தேன்” என்று அந்த அடியைத் தானே எடுத்துக்கொடுத்தார். சனம் சிரித்தது, உத்தரன் கோழை என்பதற்கும் அது பொருந்திவிட்டது. அந்தப் பையன் அந்த அடியை அப்புறம் மறந்ததே இல்லை.

சில பாடங்கள் வேறு வகை. பகடை துகிலில் துச்சாதனன் சேலையில் கை வைப்பதற்கு முன்பு ஆட்டத்தை நிறுத்துவான். கற்பூரம் ஏற்றித் திரௌபதி அம்மனிடம், “தாயே, கதைக்காகச் செய்கிறேன், என்னைப் பொறுத்தருள வேண்டும்” என்று கும்பிட்டுவிட்டுத்தான் தொடருவான். திரௌபதியாக நிற்பவர் பெரும்பாலும் ஆண்தான். ஆனாலும் எதிரே பெண்கள் சாமி வந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், யாரைப் பார்க்கக் கூடாது, மிருதங்கம் எப்போது ஓய வேண்டும் என்பதையெல்லாம் சென்னையில் ஏசி அறையில் நடக்கும் முகாமில் எப்படிச் சொல்லித்தர முடியும்?

மழை மாதங்களில் நடப்பது வேறு படிப்பு. அப்போதுதான் வாத்தியார் நோட்டைத் திறந்து பாட்டை அடியடியாகச் சொல்லிக்கொடுப்பார். கால் அசைவை நிறுத்தி நிதானமாகப் பழக்குவார். கட்டைகளுக்குப் புதுக் கண்ணாடி ஒட்டும் வேலையும் அப்போதுதான். “ஆடி கழியட்டும்” என்று உங்களிடம் அவர் சொன்னது இதை நினைத்துத்தான்.

இந்த முறைக்குள்ளேயே புதிய வழி கண்டவர்களும் உண்டு. பெருங்கட்டூர் ராஜகோபால் சிறு வயதிலேயே படிப்பை விட்டுத் தந்தையிடம் கூத்து கற்றவர். அவரும் மற்றக் கலைஞர்களும் சேர்ந்து 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள் (கட்டை கட்டி ஆடுவதால் தெருக்கூத்துக்கு அப்படியும் ஒரு பெயர்). 2002-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் வைத்தார். கூத்துக்காகப் படிப்பை விட்டு நின்ற தன் கதை பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே இடத்தில். பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். அப்போது முணுமுணுத்தவர்கள் பலர். அங்கே படித்த பெண்கள் பின்னால் தாங்களே குழு கட்டி ஆடியதைப் பார்த்துச் சிலர் வாயை மூடினார்கள். குருகுலப் பள்ளி பிற்பாடு மூடப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

செய்யாறு வட்டத்துப் புரிசை உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த ஊர்க் கூத்து வாத்தியார் கண்ணப்ப தம்பிரான் காலத்திலேயே சென்னை நவீன நாடகக்காரர்கள் அங்கே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-ல் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கியதற்குப் பின்னால் புரிசைக் கூத்து இருக்கிறது. கண்ணப்ப தம்பிரானின் மகன் சம்பந்த தம்பிரான், பாரிஸின் தெயாத்ர் து சொலெய் நாடகக் குழுவினருக்குத் தெருக்கூத்து கற்றுக்கொடுத்தார். 2016-ல் அரங்கேறிய அவர்களுடைய நாடகத்தில் பிரெஞ்சு நடிகர்கள் கட்டை கட்டித் தமிழில் பாடினார்கள். கூத்தை வெளியாருக்குச் சொல்லித்தர முடியாது என்று நான் நம்பவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் அந்த நடிகர்கள் மாதக்கணக்கில் அதற்கென்றே உட்கார்ந்தவர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாத்தியாரின் அவசரத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். ஒரு ஜமாவில் வாத்தியக்காரர்களையும் சேர்த்துப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர். மழைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு வாத்தியார் முன்பணம் கொடுத்துத்தான் நல்ல ஸ்திரீ வேஷக்காரரையும் நல்ல மிருதங்கக்காரரையும் அடுத்த சீசனுக்குப் பிடித்து வைத்திருப்பார். அந்த முன்பணத்துக்கு அவரே வட்டிக்கு வாங்கியிருப்பார். கோடையில் ஆடித்தான் கழிக்க வேண்டும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பங்குனிக்குத் தாம்பூலம் வாங்கியாயிற்று, முன்பணமும் கொடுத்தாயிற்று. ஒரு களரியும் கட்டவில்லை. 2021 மே மாதமும் அப்படியே போயிற்று. அந்த இரண்டு கோடையில் கட்டட வேலைக்கும் வேன் ஓட்டவும் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. விடுமுறையில் திரை பிடிக்க வந்திருக்க வேண்டிய பையன்களும் இரண்டு வருஷம் வரவில்லை. இன்று பல ஜமாக்களில் நகுலன் வேஷத்துக்கு ஆள் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனவே என் யோசனை இது. முகாமைத் தேடாதீர்கள். அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் கோடையில் கலைப் பயிற்சி முகாம் நடக்கிறது. பாட்டு, ஓவியம், சிலம்பம் என்று பையனுக்குக் கை கால் தேற அது நல்லது. ஆனால் கூத்துக்கு அவனை ஊருக்கு அழைத்துப் போய் ஒரு பாரதத்தில் தொடர்ந்து சில இரவுகள் உட்கார வையுங்கள். பகலில் பிரசங்கம் கேட்கட்டும், இரவில் கூத்து பார்க்கட்டும். ஒரே ஓர் இரவுதான் முடியும் என்றால் கர்ண மோட்சத்துக்குப் போங்கள். குலம் கேட்டு அவமதித்த மனைவி பொன்னுருவியும் போருக்குக் கிளம்பும் கர்ணனும் பேசும் இடம், நல்ல வேஷக்காரர்கள் வாய்த்தால், தூங்கும் குழந்தையையும் எழுப்பிவிடும். பையன் இரண்டு மணிக்குத் தூங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். நான்கு மணிக்கு எழுப்பினால் போதும்.

வேஷக் கொட்டகைக்குள் போக வாத்தியாரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். செல்போனை நீட்டாதீர்கள். வெற்றிலை பாக்கும் பழமும் வாங்கிப்போங்கள். பையனை ஓரமாக உட்கார வையுங்கள், யாராவது கண்ணாடியைப் பிடி என்று அவனிடம் நீட்டும் வரைக்கும். நீட்டினால் வேலை தொடங்கிவிட்டது. அவனுக்குப் பன்னிரண்டு வயது என்கிறீர்கள். ஓரிரு வருஷத்தில் குரல் உடையும். அந்தச் சமயத்தில் உச்சச் சுருதியில் கத்தவிடாமல் தாளத்திலும் ஆட்டத்திலும் வைத்திருக்கும் வாத்தியாராகப் பாருங்கள். எல்லாரும் அதைக் கவனிப்பதில்லை. நல்ல குரல்கள் அந்த வயதில் கெட்டுப்போயிருக்கின்றன. ஐப்பசியில் மழை பிடித்ததும் சனி ஞாயிறுகளில் அழைத்துப்போய் அவர் வீட்டுத் திண்ணையில் விடுங்கள். செய்யாறுதானே, பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

தட்சிணை எவ்வளவு என்று வாத்தியாரிடம் நேராகக் கேட்காதீர்கள். “பார்த்துக்கொள்ளலாம் தம்பி” என்பார், உங்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ஆர்மோனியக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சரியான தொகையை அவர் சொல்லிவிடுவார்.